தாமிரபரணியை அளக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் ஒரு பதிலுக்கு நடுவே, தாமிரபரணிக் கரையில் இருக்கிற பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு முறை ஆற்றுத் தண்ணீரை அளந்து எழுதி வைக்கலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். ஆசிரியர், மாணவர், விவசாயி, அம்மாக்கள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் ஆற்றுக்கே.

எங்கள் பள்ளி சூழல் மன்றத்தில் 24 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு நடக்கிற தூரம்தான். ஆய்வகத்தில் அமிலத்தன்மை பார்க்கிற ஒரு பழைய பி.ஹெச். தாள் கட்டு தவிர வேறு ஒன்றும் இல்லை, பணமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

டீச்சர், முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று, தெர்மாமீட்டர் ஒன்று, கயிறு கட்டிய வாளி ஒன்று, இவ்வளவு போதும். முதல் வேலை இடம் பார்ப்பது. அதற்கு அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் கரையில் நடங்கள், ஏனென்றால் இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கிற இடத்தில்தான் இன்னும் பத்து வருஷம் கழித்து வருகிற பிள்ளைகளும் வாளியை இறக்கப் போகிறார்கள். மூன்று இடம் வைத்துக்கொள்ளலாம்: ஊருக்கு மேலே ஒன்று, ஊர்ச் சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒன்று, அங்கிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒன்று. சாக்கடை விழுகிற வாயிலேயே மொண்டால் நீங்கள் அளப்பது சாக்கடையை, ஆற்றை அல்ல. அதேபோல, சாக்கடை ஆற்றில் விழுந்த உடனே கலந்துவிடுவதும் இல்லை, கொஞ்ச தூரம் ஒரு கரையை ஒட்டியே கறுப்பாக ஓடும், எதிர்க்கரையில் நின்று அளந்தவருக்கு ஆறு சுத்தமாகத்தான் தெரியும். பிள்ளைகளைப் பாலத்து மேலே கூட்டிப்போய் நிறுத்துங்கள், கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். பாலத்திலிருந்து வாளி இறக்கினால் நடு ஆற்றுத் தண்ணீரும் கிடைக்கும், யாரும் ஆற்றில் இறங்கவும் வேண்டாம்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: தேதி, மணி, முந்தின இரண்டு நாளில் மழை உண்டா, தண்ணீரின் நிறம், வாடை, நுரை, வெப்பநிலை. நீர்மட்டத்துக்கு அளவுகோல் தேடி அலைய வேண்டாம், படித்துறையில் மேலிருந்து எத்தனை படி தண்ணீருக்கு வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதினால் போதும். மேலே பாபநாசம் அணையில் எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்து இங்கே எல்லாமே மாறும் என்பதால் இந்தப் படிக்கணக்கு இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை. அப்புறம், கார்ப் போக நெல்லா பிசானப் போக நெல்லா, வயலில் நடவா, உரம் போடுகிற சமயமா, அதையும் ஒரு வரி. உரம் போட்ட வாரத்தில் மழை பெய்தால் வாய்க்கால் வழியாக நைட்ரேட் ஆற்றுக்கு வரும், எண் ஏறியதற்குக் காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

இரண்டாவது மாதம் கலங்கலை அளக்க ஒரு குழாய் செய்துகொள்ளுங்கள். அரையடி ஒரு அடி இல்லை, 60 சென்டிமீட்டர் நீளத்துக்காவது நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய், அடியைக் கசியாமல் அடைத்து உள்ளே கறுப்பு வெள்ளையாகக் கட்டம் போட்ட ஒரு வட்டு. மேலிருந்து பார்த்துக்கொண்டே ஆற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும், வட்டு மறைகிற இடத்தில் நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வட்டைக் கயிற்றில் இறக்கிப் பார்த்த அதே யோசனைதான். ஒரே பிள்ளை பார்க்காமல் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதட்டும், மூன்றையும் நோட்டில் ஏற்றுங்கள். நீங்கள் வைத்திருக்கிற பி.ஹெச். தாள் பழசு என்றால் நம்பாதீர்கள், ஈரமும் வெயிலும் பட்ட தாள் தப்பாகத்தான் காட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மணல் அள்ளிய குழியும் ஆழமான கசமும் எங்கே இருக்கும் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது, அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். அதனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது, காலில் புண் இருந்தால் கரையிலேயே நோட்டு எழுதட்டும் (எலிக்காய்ச்சல் புண் வழியாக ஏறும்), செருப்பு கழற்றக் கூடாது, கரையெல்லாம் பாட்டில் சில்லு. நீச்சல் தெரிந்த பெரியவர் இரண்டு பேர் இல்லாத நாளில் போகவே வேண்டாம், அன்றைக்கு நோட்டில் 'போகவில்லை' என்று எழுதினால் போதும்.

நாங்கள் கிட் வைத்துக் கரைந்த ஆக்சிஜன் அளந்தோம். காலை 6 மணிக்கு லிட்டருக்கு 4.8 மில்லிகிராம் வந்தது. அதே இடத்தில் சாயங்காலம் 3 மணிக்கு 9.4 வந்தது. இரண்டில் ஒன்று தப்பு, திரும்பப் போய் எடு என்கிறார் சார். எது தப்பு? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், சேரன்மகாதேவி)

இரண்டும் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது தம்பி, நீ ரொம்ப நல்ல விஷயத்தைப் பிடித்திருக்கிறாய், அந்த இரண்டு எண்ணையும் அடிக்காமல் வைத்துக்கொள்.

தண்ணீருக்குள் பாசியும் செடியும் இருக்கிறதல்லவா, வெயில் இருக்கும்வரை அவை ஆக்சிஜனை வெளியே விடும், இருட்டியதும் அவையும் மீனும் புழுவும் பாக்டீரியாவும் எல்லாம் சேர்ந்து மூச்சுவிட்டு அதைத் தின்னும். அதனால் ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு விடியும் சமயத்தில் வரும், மிக அதிகமான அளவு மத்தியானத்துக்குப் பிறகு வரும். இப்போது உன்னுடைய 9.4-ஐப் பார். 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர் காற்றிலிருந்து தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம்தான், 20 டிகிரியாக இருந்தால் 9.1. வெதுவெதுப்பான நம் ஆற்றில் 9.4 வந்திருக்கிறது என்றால் காற்று கொடுத்ததற்கு மேல் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள், அது பாசி. பாசி அவ்வளவு பெருகியிருக்கிறது என்றால் அதற்கு உணவு எங்கிருந்தோ வருகிறது, சாக்கடையோ உரமோ. ஆக, பார்க்க நன்றாக இருக்கிற அந்தப் பெரிய எண்தான் இங்கே கவலைப்பட வேண்டிய எண். விடியற்காலை எண்ணும் அதையே சொல்கிறது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், மீனுக்கு 4. நீ பார்த்த 4.8 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, திரும்ப எடு, ஆனால் அதே இரண்டு மணிக்கு எடு. எடுக்கும்போது பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும், ஒரு குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது. கிட்டில் இருக்கிற முதல் இரண்டு மருந்தையும் அங்கேயே கரையில் வைத்துப் பாட்டிலில் சேர்த்துவிட வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தால் வழியிலேயே எண் மாறிவிடும். (1888-ல் வின்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டுபிடித்த முறை இது, இன்றைக்கும் இதை வைத்து மின் கருவிகளைச் சரிபார்க்கிறார்கள்.) அமிலம் ஊற்றுகிற வேலை மட்டும் சாருடையது, உன்னுடையது அல்ல.

இன்னொன்றும் செய்து பார். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் நிரப்பு. ஒன்றை உடனே அளந்துவிடு, இன்னொன்றைக் கறுப்புத் தாள் சுற்றி அலமாரிக்குள் 3 நாள் வைத்து அப்புறம் அளந்து பார். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஆக்சிஜனை அந்தத் தண்ணீரில் இருந்த அழுக்கு தின்றிருக்கிறது. பி.ஓ.டி. என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான், நம் நாட்டு ஆய்வகங்களில் 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறார்கள். குளிக்கிற ஆற்றுக்கு இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் அலமாரி சரியாக 27 டிகிரியில் இருக்காது, பரவாயில்லை, எத்தனை டிகிரி இருந்தது என்று எழுதிவிடு.

வீட்டுக்குத் தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தவர் ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்து ஆற்றை அளக்கலாமா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

அளக்கலாம், ஆனால் அது சொல்வது உப்பை மட்டும்தான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து அதைக் கரைந்த உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. மலம் கலந்த தண்ணீரும் அதில் 100 காட்டலாம், பொதிகையிலிருந்து வருகிற நல்ல தண்ணீரும் 100-க்குள் காட்டும். 'எண் குறைவு, அதனால் குடிக்கலாம்' என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதற்கென்று ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது: மேலேயிருந்து கீழே வரை வரிசையாக ஒரே நாளில் அளந்துகொண்டு வந்தால், எண் திடீரென்று குதிக்கிற இடத்தில் ஏதோ வந்து சேர்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

என் மகள் ஆற்றில் கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணிவிட்டு வந்து 'தண்ணீருக்கு மார்க் போட்டோம்' என்கிறாள். பூச்சியை வைத்துத் தண்ணீரைச் சொல்வது உண்மையிலேயே அறிவியலா? (குடும்பத்தலைவி, கல்லிடைக்குறிச்சி)

உண்மையிலேயே அறிவியல்தான் அம்மா, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். நாம் மொண்டு எடுக்கிற தண்ணீர் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் சொல்லும். ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் மூடிவிட்டால் பத்து மணிக்குப் போகிற பிள்ளைகளின் பாட்டிலில் ஒன்றும் இருக்காது. கல்லுக்கு அடியில் இருக்கிற பூச்சி அப்படி இல்லை. வாரக்கணக்கில், சில வகை மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கிறது, ராத்திரி வந்ததையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. தாங்காத வகை செத்துவிடும், தாங்குகிற வகை மிஞ்சும். யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் செய்கிற மாதிரி இதை 'மினிசாஸ்' என்ற பெயரில் எளிமையாக்கி வைத்திருக்கிறார்கள். பூச்சி புழு நத்தை எல்லாவற்றையும் 13 கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அழுக்கைத் துளியும் தாங்காத ஸ்டோன்ஃபிளைக்கு 17, வாலில் பெரும்பாலும் மூன்று இழை நீட்டிக்கொண்டு கல்லோடு ஒட்டியிருக்கும் மேஃபிளையில் ஒரு பிரிவுக்கு 11, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும் கேடிஸ்ஃபிளைக்கு 9, தட்டான் குஞ்சுக்கு 6, நத்தைக்கு 4, அட்டைக்கும் மண்புழு மாதிரியான புழுவுக்கும் 2, ஈ கொசு வகையின் புழுவுக்கும் 2. எத்தனை பூச்சி கிடைத்தது என்பது கணக்கில் வராது, எத்தனை கூட்டம் கிடைத்தது என்பதுதான். உதாரணமாக, மகள் மேலே ஓர் இடத்தில் அந்த மேஃபிளை, கேடிஸ்ஃபிளை, தட்டான், நத்தை, ஈ வகைப் புழு ஆகிய ஐந்தையும் பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம்: 11, 9, 6, 4, 2 கூட்டினால் 32, ஐந்தால் வகுத்தால் 6.4. கீழே சாக்கடைக்கு அப்புறம் புழு, அட்டை, நத்தை, ஈ வகைப் புழு மட்டும்தான் என்றால் 10-ஐ நான்கால் வகுத்து 2.5. ஆறாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் அந்த இரண்டு எண்ணுக்கு நடுவே ஆற்றுக்கு என்ன ஆனது என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். அழுக்கில் இரத்தச் சிவப்பாக நெளிகிற புழுவைப் பார்த்திருப்பாள், அதன் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்வது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. அந்த மதிப்பெண்கள் தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கு வைத்தவை. நம் ஆற்றுக்கு அப்படியே பொருத்தி 'நல்ல ஆறு', 'மோசமான ஆறு' என்று பட்டம் கொடுக்க வேண்டாம். மேலே இருக்கிற இடத்தையும் கீழே இருக்கிற இடத்தையும் ஒப்பிடவும், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிடவும் அது தாராளமாகப் போதும். பார்த்து முடித்ததும் பூச்சிகளைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும், புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து வைக்க வேண்டும். அது அவர்கள் வீடு.

தண்ணீரைச் சோதிப்பது சரி. பிள்ளைகள் டேப் பிடித்துக் கரையை அளக்கிறார்கள், மரம் எண்ணுகிறார்கள். 2023 வெள்ளத்தில் என் வயலை ஒட்டின கரை வெட்டிக்கொண்டு போய்விட்டது, இனி அளந்து என்ன ஆகப்போகிறது? (விவசாயி, ஸ்ரீவைகுண்டம் அருகில்)

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, அதை எந்தக் கரையும் முழுசாகத் தாங்கியிருக்காது. ஆனாலும் எல்லாக் கரையும் ஒரே மாதிரி போகவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மருதமும் நீர்நாவலும் புங்கமும் வேர் பின்னி நிற்கிற கரை எப்படி நின்றது, மரத்தை எடுத்துவிட்டு விளிம்பு வரை உழுத கரை எப்படிச் சரிந்தது என்று உங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் இடம் இடமாகச் சொல்வார்கள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை. வெள்ளத்துக்கு முன்னால் கரை எங்கே இருந்தது என்று அளந்த நோட்டு ஒன்று இருந்திருந்தால் எத்தனை அடி போனது என்று நீங்கள் வாயால் சொல்லி நம்ப வைக்க வேண்டியிருந்திருக்காது.

பிள்ளைகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்வது, எல்லைக்கல்லோ கோயில் சுவரோ பம்புசெட் மூலையோ. அங்கிருந்து கரை விளிம்பு வரை டேப் போட்டு எழுதுவது. மழைக்கு முன்னால் ஒரு தடவை, தண்ணீர் வடிந்த பிறகு ஒரு தடவை. அதே கல்மேல் நின்று அதே பக்கம் பார்த்து ஒரு ஃபோட்டோ. உங்கள் வயல் ஓரத்திலேயே இதைச் செய்ய அவர்களை விட்டால் பெரிய உதவி, உங்களுக்கும் அது ஆவணம்.

மரம் எண்ணுவதற்குக் காரணம் வேர் மட்டும் இல்லை. கரை மரத்தின் நிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது, மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன மாதிரி குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். விழுகிற இலையைத் தின்றுதான் பல பூச்சிகள் வாழ்கின்றன. கரையோரம் நாணலும் புல்லும் ஒரு பட்டையாக இருந்தால் வயலிலிருந்து வழிகிற வண்டலையும் உரத்தையும் அதுவே வடிகட்டிப் பாதியில் நிறுத்தும். இந்த ஆற்றில் நீர்நாய் இருக்கிறது, அதற்கும் ஆள் நடமாட்டமில்லாத, வேரும் புதருமான கரைதான் வேண்டும். அதனால் விளிம்பிலிருந்து 10 மீட்டர் அகலத்துக்கு என்னென்ன நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள், மருதம் எத்தனை, சீமைக்கருவேலம் எத்தனை, நெய்வேலிக் காட்டாமணக்கு எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது, ஆகாயத்தாமரை எங்கே தேங்கி நிற்கிறது என்று. பச்சையாக இருப்பதெல்லாம் ஆற்றுக்கு நல்லது அல்ல என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட உங்களைப் போல ஒருவர் கூட நடந்தால்தான் உண்டு.

மேலே பாபநாசத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு எண்ணிக்கையும் இருக்கிறது. பரிகாரம் என்று சொல்லிக் கட்டின துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அங்கே இன்னும் நிற்கவில்லை, கல்லிலும் வேரிலும் சிக்கி அந்தத் துணி வருஷக்கணக்கில் கிடக்கிறது. 50 மீட்டர் கரையை அளந்து கயிறு கட்டி, அதற்குள் எத்தனை துணி என்று மாதாமாதம் எண்ணினால், எந்த மாதம் கூடுகிறது என்பது தெரியும். எந்த மாதம் பெட்டி வைக்க வேண்டும், எந்த மாதம் ஆள் நிறுத்த வேண்டும் என்று கேட்பதற்கு அந்த எண் போதும்.

கறுப்பாகும் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தார்கள், மறுநாளே கறுத்துவிட்டது. என் பிள்ளைகள் அதில்தான் குளிக்கிறார்கள். விடலாமா? (ஒரு தாய், திருநெல்வேலி)

அந்தப் பாட்டில் ஹெச்2எஸ் சோதனை. 1982-ல் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் கிராமத்துக் குடிநீருக்காகக் கொண்டுவந்தது. மலத்தோடு வருகிற பாக்டீரியாக்களில் பல வகை ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும், அது உள்ளே இருக்கிற இரும்போடு சேர்ந்து கறுக்கும். 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மண்ணில் இருக்கிற சில வகையும் கறுக்க வைக்கும். ஆடு மாடு இறங்குகிற, ஊருக்கு நடுவே ஓடுகிற எந்த ஆற்றுத் தண்ணீரும் கறுக்கத்தான் செய்யும், அதனால் இந்தச் சோதனை கிணறு, போர்வெல், குழாய்த் தண்ணீருக்குத்தான் பொருத்தம்.

குளிப்பதற்கான அளவு 100 மில்லி லிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் பாக்டீரியா 500-க்குள், அதை ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க முடியும். அதுவரை என் யோசனை: சாக்கடை சேரும் இடத்துக்குக் கீழே பிள்ளைகளை இறக்காதீர்கள், பெருமழை பெய்த பிறகு இரண்டு மூன்று நாள் எங்கேயுமே வேண்டாம், வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலில் புண் இருந்தால் வீட்டுக் குளியல்தான். கறுத்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்க விடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி வைத்திருந்து அப்புறம் பெரியவர் ஒருவர் கொட்டட்டும்.

பள்ளிப் பிள்ளைகள் எடுத்த எண்ணை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்? கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் சிரிக்க மாட்டார்களா? (முதுகலை மாணவர், தூத்துக்குடி)

வழக்குக்கு அது சாட்சியாகாது, இதை முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, முத்திரை வைத்து, அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிதான் நீதிமன்றத்தில் நிற்கும்.

ஆனால் அந்த அலுவலர் எங்கே, எந்த நேரத்தில் வர வேண்டும் என்று யார் சொல்வது? மத்திய வாரியம் 2018-ல் நாட்டில் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியல் போட்டது, தமிழ்நாட்டில் 6, அதில் தாமிரபரணியும் ஒன்று, பி.ஓ.டி. அளவின்படி இருப்பதிலேயே மாசு குறைந்த கடைசிப் படியில். பட்டியல் ஒரு நீண்ட பகுதியைச் சொல்கிறது. 'வியாழக்கிழமை விடியற்காலையில், இந்தப் பாலத்துக்குக் கீழே இடது கரையில், நுரை வருகிறது, கடந்த ஏழு மாதத்தில் ஐந்து முறை பார்த்தோம்' என்று சொல்ல அங்கேயே இருக்கிறவர்களால்தான் முடியும். மனுவை அப்படி எழுதுங்கள். 'ஆறு செத்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதினால் படித்துவிட்டு மூடி வைப்பார்கள், தேதியும் இடமும் போட்டிருந்தால் ஒருவர் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நம்பகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரே வாளித் தண்ணீரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பிள்ளைகள் அளக்கட்டும், மறு பாதியைக் கல்லூரி வேதியியல் துறையில் கொடுங்கள். இரண்டு முடிவும் எவ்வளவு விலகுகிறது என்பதை மனுவிலேயே சேர்த்து எழுதுங்கள். கேரளத்தில் மாநில அரசின் ஹரித கேரளம் மிஷன் மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகத்திலேயே தண்ணீர் பரிசோதிக்கும் வசதி செய்திருக்கிறது, மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்குகிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டு அவர்களோடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள், பெட்டியும் கிடைக்கும், கிராம சபையில் எழுந்து பேச ஆளும் கிடைக்கும். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஆய்வு கொண்டுபோகலாம், ஆற்றுக் கணக்கு அதற்கு நன்றாகவே பொருந்தும். பரிசு வந்ததும் அளப்பதை நிறுத்திவிடக் கூடாது, அதுதான் எனக்குப் பயம்.

அக்கா, நாங்கள் ஐந்து மாதமாக அளக்கிறோம். ஒவ்வொரு மாதமும் அதே எண்தான் வருகிறது. மாறவே இல்லை. இந்த மாதமும் போக வேண்டுமா? (ஏழாம் வகுப்பு மாணவி, ஊருக்கு மேலே மணிமுத்தாறு பக்கம்)

போக வேண்டும் மகளே. உன் கடிதத்தைத்தான் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் என் கதையைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் நானும் இப்படிப் பிள்ளைகளோடு இரண்டு வருஷம் மாதாமாதம் ஆற்றுக்குப் போனேன். எங்களுக்கும் எண் மாறவில்லை, பிள்ளைகளுக்குச் சலிப்பு, எனக்கும்தான். அப்புறம் எனக்கு வேறு ஊர் ஆகிவிட்டது. சில வருஷம் கழித்து அந்த இடத்தில் தண்ணீர் கறுத்து மீன் செத்து மிதந்தபோது, 'இந்த ஆறு எப்போதுமே இப்படித்தான்' என்று சிலர் சொன்னார்கள். இல்லை, அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், இருபத்துநான்கு மாதம் எழுதி வைத்திருக்கிறோம் என்று நோட்டைத் தேடிப் போனேன். ஸ்டாக் ரூமைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த மாறாத எண்கள்தான் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டன. நான் அதை இரண்டாவது பிரதி எடுக்காமல் வந்தது என் தப்பு.

நீ இருக்கிற இடம் ஊர்களுக்கெல்லாம் மேலே. உன் எண்ணை வைத்துத்தான் கீழே சேரன்மகாதேவித் தம்பி தன் எண் கூடுதலா குறைவா என்று பார்க்க முடியும். உங்கள் மணிமுத்தாறு பக்கமே அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கிறது, அவர்கள் 2011-லிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்துத் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். போன தடவை பார்த்த அதே பறவையைத் திரும்பவும் எண்ணுகிறார்கள், நிறுத்தவில்லை. உங்கள் டீச்சரோடு ஒரு நாள் போய் அவர்கள் படிவம் எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்து வா.

இந்த மாதம் போய் அளந்ததும், எண் அதேதான் என்றால் 'மேற்படி' என்றோ இரண்டு சிறு கோடு இழுத்தோ விட்டுவிடாதே, முழு எண்ணையும் எழுது, மணியையும் படிக்கணக்கையும் எழுது, அளந்தவர் பெயரை எழுது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து டீச்சருக்கு ஒன்று, உன் அம்மா ஃபோனில் ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வருஷம் இதை எழுதப் போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளை யார் என்று இப்போதே பேசி முடிவு செய்து அவள் பெயரையும் எழுதி வை, இந்த மாதமே அவளையும் கூட்டிக்கொண்டு போ.